பேய் கோபுரத்து வாசலில் ஒரு சாவிக்கொத்து

இருபத்திரண்டு வருடமாகப் பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நின்றவள் நான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த அறைகளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். பிட்டு வைத்திருக்கிற பிள்ளையின் முகத்தில் பால் வடியும். கை மட்டும் மேசைக்கும் மடிக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும். அந்தக் கையைப் பிடித்தால் போதும், ஆளே சிக்கிவிடுவான்.

இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பால்காரர் ஊற்றும்போது கையைப் பார்ப்பேன். காய் நிறுக்கிறவர் தட்டில் விரல் வைக்கிறாரா என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் எதையும் யாரையும் நம்புகிற மனிதர். "உனக்கு சந்தேகம் ஜாஸ்தி" என்பார். "உங்களுக்குக் கம்மி. ரெண்டும் சேந்தாதான் குடும்பம் ஓடும்" என்பேன். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

எங்களுக்கு ஒரே மகள். திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது என் சந்தேகத்துக்குப் பெரிய வேலை கிடைத்தது. முதலில் வந்த இடம் போளூர்ப் பக்கம். பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான் என்று தெரிந்துகொள்ள, அவன் வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்து கடைக்காரரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். கடைக்காரர் பையனுக்குச் சித்தப்பா. மறுநாளே "ஜாதகம் பொருந்தல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் மகள் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாவது இடத்தில் பையன் வேலை பார்ப்பதாகச் சொன்ன அலுவலகத்துக்குப் போன் போட்டு, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, இந்தப் பெயரில் ஒருவர் அங்கே உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்டேன். போனை எடுத்தது அவனேதான். என் குரலை அவன் ஏற்கெனவே பெண் பார்க்க வந்தபோது கேட்டிருந்தான். அந்தத் தடவை என் மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆறு மாதம் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. மூன்றாவதாக ஓர் இடம் வந்தபோது என்னைச் சமையலறையில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"இதுதான் கடைசி. நீ எதையும் விசாரிக்கக் கூடாது. விசாரிச்சன்னு தெரிஞ்சுதுன்னா இதுக்கப்புறம் எவன் எதிர்லயும் போய் நிக்க மாட்டேன். அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். என்னைப் போலவே பிடிவாதக்காரி. சொன்னால் செய்வாள். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

மாப்பிள்ளை வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி. பையன் வீடுகளுக்குப் பிளான் வரைகிற வேலை செய்கிறான், ஒரே பிள்ளை என்று தரகர் சொன்னார். பெண்ணை அண்ணாமலையார் கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் பக்கம் இது உள்ள வழக்கம்தான். வீட்டில் வைத்தால் பஜ்ஜி சொஜ்ஜி, நாலு சொந்தக்காரர்கள், பிடிக்காமல் போனால் தெருவுக்கே தெரியும். கோயிலில் என்றால் இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்த மாதிரி வந்து, பார்த்து, போய்விடலாம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பையனின் அப்பா போனில் சொன்ன இடம்தான் உறுத்தியது.

"பேய் கோபுரத்தாண்ட வந்துடுங்கம்மா. பதினோரு மணிக்கு. அங்க கூட்டம் கம்மியா இருக்கும்."

உலகமே ராஜகோபுரம் வழியாகப் போகிறது. பெண் பார்க்கிற நல்ல காரியத்துக்கு எவனாவது பேய் கோபுரத்துக்குக் கூப்பிடுவானா? அந்த மேற்கு வாசலில் கூட்டம் கம்மி என்பது சரி. கூட்டம் கம்மியான இடம் யாருக்கு வேண்டும்? எதையோ மறைக்கிறவர்களுக்கு. பையனுக்கு நடையில் ஏதாவது கோளாறா? தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதா? இரண்டு நாள் தூக்கமில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறேனே. கடைசியில் எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். விசாரிக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், பார்க்க மாட்டேன் என்று இல்லை.

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து, தலையைக் காட்டிவிட்டு நேரே கோயிலுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி முதல் பஸ்ஸில் ஏறினேன். எட்டரை மணிக்கெல்லாம் பேய் கோபுரத்துக்கு உள்பக்கம் ஒரு மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். தோளில் கைப்பை. அதற்குள் பள்ளிக்கூடத்து பீரோ சாவி, வீட்டுச் சாவி, வண்டிச் சாவி எல்லாம் சேர்ந்த கொத்து. பதினாலு சாவி இருக்கும். அதை நான் எங்கேயும் விட்டுவிட்டுப் போகிறதில்லை, யாரிடமும் கொடுக்கிறதும் இல்லை.

ஒன்பது மணி சுமாருக்கு அவன் வந்தான். போட்டோவில் பார்த்த அதே முகம், அதே மாதிரி மேல் பொத்தான் வரை போட்ட சட்டை. நடையில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் தனியாக வரவில்லை. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண்ணோடு வந்தான். அவள் தோளில் துணிப்பை, அதிலிருந்து ஒரு மடக்குக் குடை எட்டிப்பார்த்தது. என் கண் வழக்கம்போல நேரே கைக்குப் போனது. அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். சும்மா பிடிக்கவில்லை, விரலோடு விரல் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான்.

இரண்டு மணி நேரத்தில் என் மகளைப் பார்க்கப் போகிறவன், அதே கோயிலில் இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். என்ன துணிச்சல். எழுந்து பின்னாலேயே போனேன், ஒரு தூண் தூரம் விட்டு.

வெளிப்பிராகாரத்தில் வடக்குப் பக்கமாகத் திரும்பினார்கள். தரை சுட ஆரம்பித்திருந்தது. நடக்கிறவர்களுக்காகப் போட்டிருந்த கயிற்றுப் பாயில் அவளை விட்டுவிட்டு, அவன் வெறும் கல்லில் நடந்தான். எவ்வளவு அக்கறை என்று பல்லைக் கடித்தேன். அம்மணியம்மன் கோபுரத்தடியில் நின்று அவளுக்கு என்னவோ சொன்னான். ஒரு பெண் வீடு வீடாகப் போய்க் காசு கேட்டுக் கட்டி முடித்த கோபுரம் என்று ஊரில் சொல்வார்கள், அதைத்தான் சொல்லியிருப்பான். சுவரில் அவள் உள்ளங்கையை வைத்து, தன் கையை அதற்கு மேல் வைத்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். எனக்கு முகம் சிவந்தது. கோயில் என்கிற நினைப்பாவது இருக்க வேண்டாமா?

அங்கிருந்து கிழக்கே வந்து ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. ஒளிந்துகொள்ளத் தூணுக்கா பஞ்சம்? நாற்பது வருடமாக இந்தக் கோயிலுக்கு வருகிறேன். பரீட்சைக்கு, வேலைக்கு, பிள்ளை பிறக்க என்று வேண்டிக்கொண்டு நேரே உள்ளே ஓடியிருக்கிறேனே தவிர, ஒரு தூணை நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு அவன் காட்டியதையெல்லாம் நானும் பார்க்கும்படி ஆயிற்று.

"அடியில சதுரம். இன்னும் மேல வா. இப்ப பட்டை வருதா? எண்ணு" என்றான். சுற்றிச் சுற்றித் தடவி, "எட்டு" என்றாள் அவள். "இன்னும் மேல." அவள் நுனிக்காலில் எம்பினாள். "பதினாறா? அப்புறம் உருண்டை ஆயிடுச்சிடா."

நான் ஒளிந்திருந்த தூணை அண்ணாந்து பார்த்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. சதுரத்தின் நாலு மூலையை வெட்டினால் எட்டு. எட்டின் மூலைகளை வெட்டினால் பதினாறு. அதற்கு மேலும் வெட்டிக்கொண்டே போனால் வட்டம். இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் சாக்பீஸால் நான் போட்ட படம் இது. பிள்ளைகளுக்குப் புரியாமல் தலையில் குட்டியிருக்கிறேன். இங்கே எவனோ ஒருவன், காம்பஸ் பெட்டி பார்த்திராதவன், கல்லில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு நிமிடம் வந்த வேலையே மறந்துபோனது. எவ்வளவு அழகு என்று என்னை அறியாமல் தூணைத் தடவினேன். உடனே எனக்கே கோபம் வந்தது. பெண் பார்க்க வந்த நாளில் எவனாவது தூணில் பட்டை எண்ணுவானா?

"இங்க ஒருத்தன் தப்பு பண்ணி வெச்சிருக்கான்" என்று அவள் சிரித்தாள். "இந்த ஒரு பட்டை மட்டும் ஒல்லியா இருக்குது பாரு." அவன் குனிந்து பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றான். அவர்கள் நகர்ந்த பிறகு போய்க் கட்டைவிரலை வைத்து அளந்தேன். அவள் சொன்னது சரி. மற்றவற்றைவிட ஒரு நூல் குறைவாக இருந்தது. கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். கெட்டிக்காரியாக இருந்தால் இன்னும் ஆபத்து.

அதற்கு அடுத்த வரிசையில் ஒரு தூணில் குரங்கு ஒன்று செதுக்கியிருந்தது. அவன் அவள் சுட்டுவிரலைப் பிடித்து அதன் வாலில் வைத்தான். வால் எங்கே போய் முடிகிறது என்று அவள் விரல் தேடிக்கொண்டு போயிற்று. ஒரு தடவை சட்டென்று நின்று, தலையைச் சாய்த்து எதையோ கேட்கிற மாதிரி இருந்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். பிறகு நடந்தார்கள்.

இப்போது யோசித்தால், அவ்வளவு நேரத்தில் அவள் முகத்தை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வல்லாள கோபுரம், கிளி கோபுரம் எல்லாம் தாண்டி உள்ளே மகிழ மரத்தடிக்குப் போனார்கள். அங்கே தரையில் ஒரு கல் உண்டு. அதன் மேல் நின்றால் கோயிலின் ஒன்பது கோபுரமும் தெரியும் என்று சொல்வார்கள். அவளை அந்தக் கல்லில் நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்து, மெதுவாகத் திருப்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். மரத்துக்குப் பின்னால் நின்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவன் பேசியது வாய்க்குள்ளேயே இருந்தது. அவள் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"என்ன பத்தி அவங்க வீட்ல சொல்லிட்டியா இல்லையா?"

அவன் என்னவோ முணுமுணுத்தான்.

"தரகர் யாருடா அத சொல்றதுக்கு? மறச்சி கட்டிக்கினு அப்புறம் அந்தப் பொண்ணு மொகத்துல எப்படி முழிப்ப?"

மறுபடியும் முணுமுணுப்பு.

"என்ன விட்டுட்டு உன்னால இருக்க முடியாதுல்ல? அப்ப நேரா சொல்லிடு. பதினோரு மணிக்கு சொல்லு. அதுல என்ன?"

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 'டா' போட்டுப் பேசுகிறாளே என்றுகூட யோசிக்கவில்லை. இந்தக் காலத்தில் எல்லாரும்தான் 'டா' போடுகிறார்கள். அவர்கள் போன பிறகு அந்தக் கல்லில் நின்று நானும் எண்ணிப் பார்த்தேன். எட்டுதான் வந்தது. இதுவும் ஊரில் கிளப்பிவிட்ட பேச்சு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, வண்டிய திருப்புங்க. இந்த எடம் வேணாம்."

"எந்த வண்டிய? நாங்க வந்து செருப்பு விடற எடத்துல நிக்கறோம். பையன் வீட்டுக்காரங்களும் வந்துட்டாங்க. காதுகுத்து முடிஞ்சுதா?"

ஓட்டமும் நடையுமாகப் பேய் கோபுரத்துக்குத் திரும்பினேன். கோபுரத்துக்குப் பின்னால் மலை நின்றது. நிழலில் என் வீட்டுக்காரரும் பையனின் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனின் அம்மா என் மகள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பையன் கொஞ்ச நேரம் கழித்து, தனியாக வந்தான். எனக்கா தெரியாது? திரும்பிப் பார்த்தேன். நாற்பது அடி தள்ளி, காலையில் நான் உட்கார்ந்திருந்த அதே மண்டபத்துப் படியில் பச்சைச் சேலை உட்கார்ந்திருந்தது, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

என் மகள் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு ஏன் பேய் கோபுரம்னு பேரு வந்துச்சி?" என்று பொதுவாகக் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"மேற்கு கோபுரம்தாங்க" என்றான் அவன். "மேக் கோபுரம், மேக் கோபுரம்னு சொல்லிச் சொல்லி, அது பேக் கோபுரம் ஆயி, அப்புறம் பேய் கோபுரம் ஆயிடுச்சின்னு சொல்றாங்க. வாய்தான் தப்பா போச்சி. பேயெல்லாம் ஒண்ணும் இல்ல."

என் மகள் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாமல், பல் தெரிய. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். சந்தோஷப்பட வேண்டியவள், பயந்துபோனேன். இவளுக்கு இவனைப் பிடித்துவிட்டது, இந்த நிமிடமே வெட்டிவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"ஏன் இல்ல? பேய் இருக்குது" என்றேன். என் குரல் மண்டபத்தில் மோதித் திரும்பியது. "அதோ அந்தப் படியில உக்காந்திருக்குது பாரு. காலைல இருந்து கையப் புடிச்சிக்கினு சுத்தினியே. அது யாருன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு."

பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான், கோபம்கூட இல்லை அதில். நடந்து போய் அவளிடம் கையை நீட்டினான். அவள் எழுந்து, துணிப்பையிலிருந்து அந்த மடக்குக் குடையை எடுத்து உதறினாள். அது குடை இல்லை. நீளமான வெள்ளைக் கோல்.

அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். அவளால் என்னைப் பார்க்க முடியாது.

"எங்க மூத்த பொண்ணுங்க" என்றார் பையனின் அப்பா. "பொறவியிலேயே பார்வை இல்ல. வர்ற எடமெல்லாம் இதக் கேட்டதும் திரும்பிப் போயிடறாங்கன்னு தரகர்தான் இப்போதைக்கு சொல்லாதீங்கன்னாரு. இடிபடாம அவ நடக்கறதுக்குத்தான் இந்த வாசல். இன்னிக்கு சொல்லிடலாம்னுதான் அவளையும் வரச் சொன்னோம், கோயில சுத்திக் காட்டறதுக்கு தம்பி முன்னாடியே கூட்டிக்கினு வந்துட்டான். எங்க மேல தப்புதான்."

தப்பு அவர்கள் மேல்தான் என்று எனக்கு ஒரு நொடி தெம்பு வந்தது. மறைத்தார்கள் அல்லவா? அதைச் சொல்ல வாயைத் திறந்து, கைப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டேன். உள்ளே சாவிகள் கலகலத்தன. அந்தப் பெண் தலையைச் சாய்த்தாள்.

"அட, இந்த சாவியா?" என்றாள். "காலைல இருந்து எங்க பின்னாடியே வந்துதே. நான் நின்னா நிக்குது, நடந்தா நடக்குது. ஆயிரங்கால் மண்டபத்துல திருடன்னு நெனச்சி பைய இறுக்கிப் புடிச்சிக்கினேன். நீங்கதானா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் மகள் என் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காதுகுத்து எந்த மண்டபத்துல ம்மா?"

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது எனக்கு. பிட்டோடு பிடிபட்ட பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் கவனித்ததில்லை. அன்றைக்கு என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

என் மகள் அவர்கள் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "நாங்களும் ஒண்ணு மறச்சோங்க. இதுதான் மொத எடம்னு தரகர் சொல்லியிருப்பாரு. இது மூணாவது. முன்னாடி ரெண்டும் எங்க அம்மா விசாரிச்சி விசாரிச்சி போச்சி. அவங்க இப்படிப் பண்றது மூணாவது தடவ." அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை.

அந்தப் பெண்ணிடம் போய், "ஒம்போது கோபுரமும் தெரியற எடம் எதுங்க?" என்று கேட்டாள். "எனக்கு எடம் தெரியும்" என்றாள் அவள். "தெரியுதான்னு நீங்கதான் பாத்து சொல்லணும்." இருவரும் போனார்கள். என் மகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கவில்லை. அவள்தான் என் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் கூடப் போகவில்லை. ஒரு தூணில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

நான் படியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு சந்தேகம் ஜாஸ்தி" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். "ஒம்போதும் இருக்குதுப்பா" என்றாள் என் மகள், அவள் அப்பாவிடம். "எட்டோட நிறுத்திட்டா ஒண்ணு முதுகுக்குப் பின்னாடி போயிடும். முழுசா திரும்பணும்."

பையனைப் பிடித்திருக்கிறது என்பதையும் மூன்று வாரம் கழித்து அவள் அப்பாவிடம்தான் சொன்னாள். கல்யாணப் புடவை என்ன நிறம் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்பாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஒரு வாசலைச் சாத்திக்கொண்டுவிட்டாள். என்னிடம் இருக்கிற பதினாலு சாவியில் எதுவும் அதற்குச் சேராது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்தில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து, "அன்னிக்கு நான் சொன்ன வார்த்தைக்கு..." என்று ஆரம்பித்தேன். "எந்த வார்த்தைங்க அத்த?" என்றாள் சிரித்துக்கொண்டே. மறந்துதான் போனாளா, மறந்த மாதிரி காட்டுகிறாளா, இல்லை பத்திரமாக வைத்திருக்கிறாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. கைகளும் மடியில் சும்மா இருந்தன.

இப்போது செங்கம் ரோட்டு வீட்டில் அவர்கள் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு போய்வருகிறேன். சாவிக்கொத்தை நினைத்தாலே கூச்சமாக இருந்ததால், போன தடவை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைக் கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டுப் பைக்கு அடியில் வைத்தேன். சத்தம் வரவில்லை. மணியை அடித்தேன். கதவைத் திறந்தது அவள்தான்.

"யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் வழிவிடவில்லை. கையை நீட்டி என் பையை வாங்கி, காதருகே வைத்து லேசாக ஆட்டினாள்.

"சாவி எங்க அத்த?"

"கைக்குட்டையில சுத்தி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

உள்ளே சமையலறையில் என் மகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அவுத்துடுங்க" என்றாள் அந்தப் பெண், பையை என்னிடமே திருப்பிக் கொடுத்து. "நீங்க வர்றது எங்களுக்குத் தெரியணும்."

வாசற்படியில் நின்றபடியே முடிச்சை அவிழ்த்தேன்.